சூப்பர் கம்ப்யூட்டரில் பிளாஸ்மா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியலோ கணினியியலோ படித்தவர்கள் பிளாஸ்மா சிமுலேஷன் பக்கம் எட்டிப் பார்க்கும்போது முதலில் கேட்பவை இந்தக் கேள்விகள். வரிசையாகப் படித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்று வரும். நிரல் எழுதுவதில் மட்டும் ஆர்வமுள்ளவர்கள் ஆறாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

1. பிளாஸ்மாவும் ஒருவகை வாயுதானே? வாயுவுக்கான சமன்பாடுகளே போதாதா?

பல இடங்களில் போதும். எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து அலையும் வாயுதான் பிளாஸ்மா. அதை மின்சாரம் கடத்தும் திரவமாக எண்ணிக்கொண்டு, அதன் ஓட்டத்தையும் காந்தப்புலத்தையும் சேர்த்துத் தீர்ப்பது காந்தப்பாய்ம இயக்கவியல். ஹானஸ் ஆல்ஃப்வேனுக்கு 1970இல் நோபல் பரிசு வாங்கித் தந்த துறை. சூரியப் புயலின் மொத்த வடிவம், டோகமாக் எனும் வளைய வடிவ அணுப்பிணைவுக் கருவியில் பிளாஸ்மா நிலைகுலைவது போன்றவற்றுக்கு இன்றும் அதுவே முதல் கருவி.

கறாராகப் பார்த்தால், துகள்கள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதிக்கொண்டால்தான் இந்தத் திரவக் கணக்கு முழுமையாகச் செல்லும். பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐடிஇஆர் அணுப்பிணைவுச் சோதனை உலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையத்தில் பத்து கோடி டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் ஓர் எலக்ட்ரான் தன் திசையை மோதலால் இழப்பதற்குள் பல கிலோமீட்டர் ஓடிவிடும். உலையை ஒருமுறை சுற்ற சுமார் 39 மீட்டர்தான். ஆக, நூறு சுற்றுக்கு மேல் ஓடிய பிறகுதான் மோதலின் தடமே தெரியும். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு 'இந்த இடத்தில் வேகம் இவ்வளவு' என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. எந்த வேகத்தில் எத்தனை துகள் என்ற முழுப் பட்டியலும் வேண்டும்.

2. அப்படியானால் எல்லாத் துகள்களையும் கணினியில் ஏற்றி ஓட்டிவிட்டால் என்ன?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐடிஇஆரின் பிளாஸ்மா சுமார் 840 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 10²⁰ எலக்ட்ரான் என்று வைத்தால் மொத்தம் கிட்டத்தட்ட 8×10²². ஒவ்வொன்றுக்கும் இடம் மூன்று எண், வேகம் மூன்று எண், எண்ணுக்கு 8 பைட், ஆக 48 பைட். மொத்தம் 4×10²⁴ பைட். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள ஃப்ரான்டியர் கணினியின் மொத்த நினைவகம் 9.2 பெட்டாபைட். நமக்கு வேண்டியது அதைப் போல நாற்பது கோடி மடங்குக்கும் மேல். அயனிகளை இன்னும் சேர்க்கவே இல்லை.

இடம் கிடைத்தாலும் காலம் விடாது. இந்த அடர்த்தியில் எலக்ட்ரான்கள் கூட்டாக அதிரும் அதிர்வெண் 90 கிகாஹெர்ட்ஸ். அதைப் பின்தொடர ஒரு பிக்கோநொடிக்கு ஒரு படி வைக்க வேண்டும். வெப்பம் பிளாஸ்மாவில் தங்கும் நேரமோ மூன்று, நான்கு நொடி. ஒரு படியை ஒரு மில்லிநொடியில் முடித்தாலும் மூன்று நொடியைத் தாண்ட நூறு ஆண்டு ஆகும்.

எனவே இத்துறையில் 'திறமையான சிமுலேஷன்' என்றால் எதைக் கணக்கிடாமல் விடலாம் என்று தெரிந்து விடுவதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, விடமுடியாததைக் கணக்கிடும்போது தரவை வீணாக அலையவிடாமல் இருப்பது. வன்பொருளின் வேகம் இவை இரண்டுக்கும் பிறகுதான் பேச்சுக்கு வரும்.

3. 'பிக்' முறை என்கிறார்களே, அது என்ன?

துகள்களையும் கட்டவலையையும் சேர்த்து ஓட்டும் முறை (Particle-in-Cell, சுருக்கமாக PIC). 1950களின் இறுதியிலும் 60களிலும் ஜான் டாசன், ஆஸ்கர் புனேமன் போன்றவர்கள் தொடங்கிவைத்தது. கோடிக்கணக்கான உண்மைத் துகள்களுக்குப் பதிலாக ஒரு பெருந்துகள். மின்னூட்டமும் நிறையும் ஒரே விகிதத்தில் பெருகுவதால் அதன் பாதை உண்மைத் துகளின் பாதையாகவே இருக்கும்.

துகள் எதுவும் இன்னொரு துகளைப் பார்ப்பதில்லை, கட்டவலையை மட்டுமே பார்க்கிறது. ஒரு படியில் நான்கு வேலை: துகள் நிற்கும் இடத்தில் புலம் எவ்வளவு என்று வலையிலிருந்து எடுப்பது, அந்தப் புலத்தால் துகளைத் தள்ளுவது, நகர்ந்த துகளின் மின்னோட்டத்தை வலையில் சேர்ப்பது, மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கொண்டு புலத்தைப் புதுப்பிப்பது. பிறகு மறுபடி முதலிலிருந்து. துகள் தள்ளுவதற்கு 1970இல் ஜே போரிஸ் தந்த வழியும், புலங்களை அடுக்குவதற்கு 1966இல் கேன் யீ தந்த வலையும் இன்றைய எக்ஸா அளவு நிரல்களின் வயிற்றிலும் அப்படியே இருக்கின்றன. கணினிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன, இவை மாறவில்லை.

பெருந்துகளால் வரும் தொல்லை இரைச்சல். ஒரு கட்டத்தில் 100 துகள் இருந்தால் அடர்த்தியில் 10 சதவீத ஆட்டம் சும்மாவே இருக்கும். அதை 1 சதவீதமாக்க 10,000 துகள் வேண்டும். டோகமாக்கின் மையத்தில் நாம் தேடும் கொந்தளிப்பே 1 சதவீத அளவுதான் என்பதால் இது உயிர்நாடிப் பிரச்சினை. அதற்காகவே, தெரிந்த சமநிலையைத் தாளில் வைத்துவிட்டு அதிலிருந்து விலகும் பகுதியை மட்டும் துகள்களில் ஏற்றும் வழக்கம் வந்தது.

4. துகளே இல்லாமல், எங்கே எந்த வேகத்தில் எத்தனை துகள் என்று சொல்லும் பரவல் சார்பை நேரடியாகத் தீர்க்க முடியாதா?

முடியும், இரைச்சலும் இராது. விலைதான் அதிகம். இடத்துக்கு மூன்று திசை, வேகத்துக்கு மூன்று திசை, திசைக்கு 100 புள்ளி மட்டும் வைத்தாலே 10¹² புள்ளிகள், அதாவது 8 டெராபைட். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் விலாசியேட்டர் நிரல் இந்த வழியில் பூமியின் காந்தமண்டலத்தையே ஓட்டுகிறது. துகள்களே இல்லாத வேகப் பகுதிகளை நினைவகத்தில் வைக்காமல் விடுவதால்தான் அது நடக்கிறது.

5. கட்டத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டால் வேலை குறையாதா?

குறையும். ஆனால் சாதாரண பிக் முறையில் கட்டத்தின் அளவு டீபை நீளத்தைவிட மிகப் பெரிதானால் பிளாஸ்மா தானாகவே சூடாகும். எங்கிருந்தோ வரும் வெப்பம், இயற்கையில் இல்லாதது. மின்னூட்டத்தின் ஏற்றத்தாழ்வுகள் டீபை நீளம் என்ற சிறு தூரத்தைக் கடந்தால் தெரியாமல் மறைந்துவிடும் என்பதுதான் பிளாஸ்மாவின் இயல்பு. ஐடிஇஆரின் மையத்தில் அந்த நீளம் 0.07 மில்லிமீட்டர். உலையின் குழாயோ பல மீட்டர் அகலம்.

இதிலிருந்து தப்ப இரண்டு பெருவழிகள். ஒன்று, ஆற்றலைத் துல்லியமாகக் காக்கும் மறைமுக (implicit) முறைகள். 2011இல் சென், சகோன், பார்ன்ஸ் மூவரும் காட்டிய வழி இவ்வகை. கட்டம் பெரிதாக இருந்தாலும் சூடேறாது, பதிலுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தாக வேண்டும்.

இரண்டாவது, இயற்பியலையே சுருக்குவது. 5 டெஸ்லா காந்தப்புலத்தில் டியூட்டீரியம் அயனி நொடிக்கு 3.8 கோடி முறை சுழல்கிறது. நம்மை வாட்டும் கொந்தளிப்பு அதைவிட மிக மெதுவானது. அதனால் சுழற்சியைச் சராசரியாக்கி, துகளை ஒரு சிறு வளையமாகவே பார்த்தால் ஆறு பரிமாணம் ஐந்தாகும், படியின் நீளமும் பல மடங்கு கூடும். இதற்குச் சுழல்மையக் கோட்பாடு என்று சொல்லலாம். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தில் பிறந்த ஜீன், பிரின்ஸ்டனின் எக்ஸ்ஜிசி, ஜிடிசி எல்லாம் இந்த வழியில் வந்த நிரல்கள்.

இதிலும் எல்லையுண்டு. எலக்ட்ரானின் சுழல் ஆரம் டியூட்டீரியத்தினுடையதில் சுமார் 60இல் ஒரு பங்கு. இரண்டு அளவையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்க இரு திசைகளில் 60 மடங்கு, காலத்தில் 60 மடங்கு, ஆக இரண்டு லட்சம் மடங்கு வேலை. வெகுகாலம் யாரும் துணியவில்லை, அயனி அளவை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எம்ஐடியின் அல்கேட்டர் சி-மாட் கருவியில் அளந்த எலக்ட்ரான் வெப்ப இழப்போ அந்தக் கணக்குகளில் வந்ததைவிட அதிகமாகவே இருந்தது. நேதன் ஹவர்டும் குழுவினரும் இரு அளவையும் சேர்த்து ஓட்டி, 2016இல் வெளியிட்ட ஆய்வில் அந்த இடைவெளி நிரம்பியது. ஓர் ஓட்டத்துக்கே ஒரு கோடி சிபியு மணிக்கு மேல் ஆனது. சிறியது தனியாக, பெரியது தனியாக என்று பிரித்துக் கணக்கிட்டுக் கூட்டினால் விடை வராது, இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்பது அந்தச் செலவில் கிடைத்த அறிவு. என் பார்வையில் இத்துறையில் பெரிய கணினி தன் மின்கட்டணத்தை நியாயப்படுத்திய தருணங்களில் இது ஒன்று.

6. ஃப்ரான்டியர் நொடிக்கு 10¹⁸ கணக்கு போடுகிறதாமே, பிளாஸ்மா நிரலுக்கும் அந்த வேகம் கிடைக்குமா?

கிடைக்காது. 2022 மே மாதம் 1.1 எக்ஸாஃப்ளாப் (நொடிக்கு 1.1×10¹⁸ கணக்கு) என்று வந்த செய்தி, நெருக்கமான பெரிய அணிகளைத் தீர்க்கும் லின்பேக் சோதனையில் எடுத்த எண். அடுத்த ஆண்டு 1.19 எக்ஸாஃப்ளாப் வரை போனது. அறிவியல் நிரல்களின் நடையைக் கொஞ்சம் ஒத்திருக்கும் எச்பிசிஜி சோதனையில் அதே கணினி எடுத்தது 14 பெட்டாஃப்ளாப். அதாவது 1 சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஏன் என்பதற்கு ஒரு சில்லை மட்டும் பார்த்தால் போதும். ஃப்ரான்டியரில் உள்ள எம்ஐ250எக்ஸ் ஜிபியு நொடிக்கு 48 டெரா 64-பிட் கணக்குகள் போடும். அதன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 3.2 டெராபைட் எடுக்கும். வகுத்தால் பைட்டுக்கு 15 கணக்கு. ஓர் எண்ணுக்கு 8 பைட் என்பதால், உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணையும் 120 கணக்குக்குப் பயன்படுத்தினால்தான் சில்லுக்கு முழு வேலை. பிக் முறையில் ஒரு துகளுக்கு ஏழு எண் படிக்கிறோம் (எடையும் சேர்த்து), ஆறு எண் எழுதுகிறோம், சுமார் 104 பைட். அந்த நேரத்தில் சில்லால் 1,500 கணக்கு போட முடியும். எளிய வடிவம் கொண்ட துகளுக்குத் தேவை சில நூறுதான். சமையல்காரர் கண்மூடித் திறப்பதற்குள் காய் நறுக்குகிறார், ஆனால் ஒவ்வொரு காயும் கோயம்பேட்டிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

ஆகவே 'எத்தனை ஃப்ளாப் எட்டினீர்கள்' என்று கேட்பவர்களிடம் பிளாஸ்மாக்காரர்கள் 'நொடிக்கு எத்தனை துகளை நகர்த்தினோம்' என்றுதான் பதில் சொல்வார்கள். அதுதான் நேர்மையான அளவுகோலும்கூட. தேவையில்லாத கணக்கைச் சேர்த்தால் ஃப்ளாப் எண்ணிக்கை ஏறும், இயற்பியல் ஓர் அங்குலமும் நகராது.

7. அந்தத் தடையை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதலில் வரிசைப்படுத்துதல். ஓட்டத்தின் தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் நினைவகத்திலும் பக்கத்தில் இருக்கும். சில நூறு படி போனதும் எல்லாம் கலைந்துவிடும். அடுத்தடுத்த துகள்கள் வலையின் வெவ்வேறு மூலைகளைக் கேட்கும், கேஷ் (cache) எனும் சிறு வேக நினைவகத்தில் இருப்பது பயன்படாமல் போகும். அதனால் அவ்வப்போது துகள்களைக் கட்டவாரியாக அடுக்குகிறார்கள். அடுக்குவதற்கும் நேரம் செலவாகும் என்பதால் எத்தனை படிக்கு ஒருமுறை என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒரு சில்லில் சரியான எண் இன்னொன்றில் சரியாக இராது.

அடுத்தது மின்னோட்டத்தை வலையில் சேர்க்கும் வேலை. நிரலின் ஆயிரக்கணக்கான இழைகள் (threads) ஒரே நேரத்தில் ஓடும்போது இரண்டு துகள்கள் ஒரே வலைப்புள்ளியில் கூட்ட முயலும். ஒன்றின் பங்கை மற்றொன்று அழித்துவிட்டால் மின்னூட்டமே காணாமல் போகும். ஒன்று முடியும்வரை மற்றொன்றை நிறுத்திவைக்கும் அணுநிலைக் கூட்டல் (atomic add) இதைத் தடுக்கும், ஆனால் ஒரே புள்ளிக்குக் கூட்டம் சேர்ந்தால் வரிசையில் நிற்க வைக்கும். சின்னச் சின்னத் துண்டுகளாக வலையை வெட்டி, துண்டின் நகலைச் சில்லுக்குள் இருக்கும் வேக நினைவகத்தில் வைத்து அங்கே கூட்டி, கடைசியில் ஒரே தடவையாக வெளியே சேர்ப்பது நல்ல வழி.

மூன்றாவது, எண்ணின் நீளம். லாஸ் அலமோஸில் எழுதப்பட்ட விபிஐசி நிரல் 32-பிட் எண்களிலேயே ஓடுகிறது. தரவு பாதி, வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு. 32-பிட்டில் ஏழு இலக்கத் துல்லியம்தானே, துகளின் இடம் பிசகாதா? பிசகும், இடத்தைப் பெட்டியின் ஓரத்திலிருந்து அளந்தால். விபிஐசி எந்தக் கட்டம் என்பதை முழு எண்ணாகவும், அந்தக் கட்டத்துக்குள் எங்கே என்பதைத் தனியாகவும் வைக்கிறது. ஏழு இலக்கமும் கட்டத்துக்குள்ளேயே செலவாவதால் துல்லியம் கெடுவதில்லை. 2008இல் ரோட்ரன்னர் கணினியில் ஒரு லட்சம் கோடி துகள்களை அது ஓட்டியது. இந்தப் பழைய தந்திரத்துக்கு இப்போது மவுசு கூடும் என்று நினைக்கிறேன். ஏஐக்காகச் செய்யப்படும் புதிய சில்லுகள் குறைந்த பிட் கணக்குக்கே இடம் ஒதுக்குகின்றன, சிலவற்றில் 64-பிட் திறன் முந்தைய தலைமுறையைவிடக் குறைந்தேவிட்டது.

8. உண்மையான பெரிய ஓட்டம் ஒன்றைச் சொல்லுங்களேன்.

வார்ப்எக்ஸ். பெர்க்லி ஆய்வகத்தில் ஜான்-லூக் வே தலைமையில், பிரான்சின் அணுசக்தி ஆணையம் உள்ளிட்ட கூட்டாளிகளோடு வளர்ந்த நிரல். 2022இல் கார்டன் பெல் பரிசு பெற்றது. ஃப்ரான்டியர், ஜப்பானின் ஃபுகாகு, சம்மிட், பெர்ல்மட்டர் என்று நான்கு வேறுவேறு கணினிகளில் ஓடியது.

அவர்கள் எடுத்துக்கொண்டது லேசரால் எலக்ட்ரான்களை முடுக்கும் சிக்கல். 1979இல் தஜிமாவும் டாசனும் சொன்ன யோசனை இது. வலிய லேசர் துடிப்பு பிளாஸ்மாவுக்குள் படகுபோல் போக, அதன் பின்னே எழும் அலையில் எலக்ட்ரான்கள் சவாரி செய்யும். 2019இல் பெர்க்லியில் வெறும் 20 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 8 கிகா எலக்ட்ரான்வோல்ட் எட்டினார்கள்.

கணினிக்கு இது கொடுமையான வேலை. லேசரின் அலைநீளம் 0.8 மைக்ரான், அலைக்கு 20 கட்டம் வைத்தால் கட்டம் 0.04 மைக்ரான். ஒளி ஒரு படிக்கு ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக்கூடாது என்பதால் 20 சென்டிமீட்டர் கடக்க 50 லட்சம் படி. வே 2007இல் இதற்கு ஒரு குறுக்குவழி காட்டினார். லேசரோடு சேர்ந்து ஓடுபவரின் கண்ணால் பாருங்கள். சார்பியல்படி அவருக்கு லேசர் அலை நீண்டு தெரியும், எதிரே வரும் பிளாஸ்மா சுருங்கித் தெரியும். கட்டம் பெரிதாகலாம், கடக்கும் தூரமும் குறையும். படிகள் பல ஆயிரம் மடங்கு குறைகின்றன.

இலவசமாக வரவில்லை. அந்தப் பார்வையில் பிளாஸ்மா முழுவதும் ஒளிவேகத்துக்கு அருகில் வலையினூடே பாய்கிறது. சாதாரண வலையில் ஒளி சற்று மெதுவாகப் போகும் என்பதால் துகள் ஒளியை முந்தி, இல்லாத கதிர்வீச்சைக் கக்கத் தொடங்கும். எண்வழி செரென்கோவ் என்று பெயர். ஒளியின் வேகத்தைச் சரியாகக் காக்கும் நிறமாலை முறைகள் இந்தத் தொல்லையைக் குறைக்க உதவின.

பரிசு பெற்ற ஓட்டத்தில் இலக்கு திண்மமும் வாயுவும் சேர்ந்தது. திண்மத்தின் அடர்த்தி மிக அதிகம், அங்கே மிக நுண்ணிய வலை வேண்டும். வாயுப் பகுதிக்கு அவ்வளவு தேவையில்லை. எனவே திண்மத்தைச் சுற்றி மட்டும் நுண்வலை ஒட்டு ஒன்றைப் போட்டு, லேசர் அங்கே வேலை முடித்துக் கிளம்பியதும் ஒட்டைக் கழற்றிவிட்டார்கள்.

9. ஒவ்வொரு கணினிக்கும் நிரலை மாற்றி எழுத வேண்டுமா?

முன்பு அப்படித்தான். இப்போது கோக்கோஸ், ஏஎம்ரெக்ஸ், அல்பகா போன்ற சி++ அடுக்குகள் நடுவில் நிற்கின்றன. ஒருமுறை எழுதினால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றிலும் ஓடும். ஓடுவது வேறு, நன்றாக ஓடுவது வேறு, மெருகேற்றும் வேலை மிச்சமிருக்கும்.

10. பெரிய கணினியின் தனித்தனி அலகுகளான ஆயிரக்கணக்கான நோடுகளில் பிரித்தால் வேறென்ன சிக்கல்?

சுமைப் பங்கீடு. துகள்கள் ஓரிடத்தில் குவியும்போது அந்தப் பகுதியை வைத்திருக்கும் நோடு திணறும், மற்றவை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். பெட்டிகளை ஒரு வளைகோட்டில் கோத்து, ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தை அளந்து, அவ்வப்போது மறுபங்கீடு செய்வார்கள்.

கோப்பும் பெரிய தலைவலி. 10¹² துகள்களை 32-பிட்டில் ஒருமுறை எழுதினாலே 28 டெராபைட். அதனால் நிறமாலை, பரவல் போன்றவற்றை ஓட்டத்தின் நடுவிலேயே கணக்கிட்டு அதை மட்டும் சேமிப்பது வழக்கமாகிவிட்டது. முழு நிலையையும் அவ்வப்போது எழுதாமலும் இருக்க முடியாது, நீண்ட ஓட்டத்தில் ஏதோ ஒரு நோடு நடுவில் விழத்தான் செய்யும்.

11. இதன் விடைகளை நம்பி உலை கட்டலாமா?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஐடிஇஆரின் அடியில் வெப்பம் வந்து விழும் பட்டையின் அகலம் என்ன என்பது கோடிகள் சம்பந்தப்பட்ட கேள்வி. இப்போதுள்ள கருவிகளின் அளவீடுகளை நீட்டிப் பார்த்தால் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படியானால் தகடு தாங்குவது கடினம். 2017இல் சி.எஸ். சாங் குழு எக்ஸ்ஜிசியில் ஓட்டியபோது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வந்தது. அதே நிரல் இப்போதுள்ள கருவிகளுக்கு அளவீட்டோடு ஒத்த விடையைத் தந்தது, ஐடிஇஆருக்கு மட்டும் விலகியது. பெரிய கருவியின் விளிம்பில் எலக்ட்ரான் கொந்தளிப்பு வெப்பத்தைப் பரப்புகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

நல்ல செய்திதான். ஐடிஇஆர் முழுத் திறனில் ஓடும்வரை அது கணிப்பாகவே இருக்கும். தெரிந்த கருவிகளில் சரிபார்த்துவிட்டுத் தெரியாததைக் கணித்தார்கள் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம் தருகிறேன்.

12. ஏஐ வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

பாதி வேலையை அது நிஜமாகவே எடுத்துக்கொண்டது. க்யூவாலிகிஸ் என்ற எளிமையாக்கப்பட்ட நிரலின் சுமார் 30 கோடி விடைகளைக் கொண்டு பயிற்றுவித்த நரம்பு வலை, கொந்தளிப்பால் வெப்பம் எவ்வளவு கசியும் என்பதைக் கண்சிமிட்டும் நேரத்தில் சொல்கிறது. அந்தப் பயிற்சித் தரவு சிமுலேஷனிலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். பயிற்சி எல்லைக்கு வெளியே, ஐடிஇஆர் விளிம்பு போன்ற இடத்தில், யாராவது முழுச் சமன்பாட்டையும் தீர்த்தாக வேண்டும்.

13. இந்தியாவில் இதற்கு வாய்ப்பு உண்டா?

உண்டு. ஐடிஇஆரின் ஏழு உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று, அதன் பிரம்மாண்டமான குளிர்க்கலம் இங்கிருந்து போனது. காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் ஆதித்யா, எஸ்எஸ்டி-1 டோகமாக்குகளோடு அந்த்யா என்ற பெட்டாஃப்ளாப் கணினியும் இருக்கிறது. திருச்சி என்ஐடியில் 2022 முதல் 838 டெராஃப்ளாப் திறனுடன் பரம் பொருள் ஓடுகிறது. நடுத்தர அளவு பிக் ஓட்டத்துக்கு இவை தாராளம்.

14. எங்கிருந்து தொடங்குவது?

பெரிய நிரலைப் பதிவிறக்கித் தொடங்காதீர்கள். ஒரு பரிமாண, மின்புலம் மட்டுமுள்ள பிக் நிரலை பைத்தானில் நீங்களே எழுதுங்கள், இருநூறு வரிக்குள் முடியும். எதிரெதிராகப் பாயும் இரண்டு சமமான குளிர்ந்த எலக்ட்ரான் கற்றைகளை விடுங்கள். மின்புலம் அடுக்குக்குறி வேகத்தில் வளரும். மிக வேகமாக வளரும் அலையின் வளர்ச்சி வீதம், மொத்த பிளாஸ்மாக் கோண அதிர்வெண்ணில் 0.35 மடங்கு. மடக்கை வரைபடத்தில் சாய்வை அளந்து ஒப்பிடுங்கள். அளப்பது புலத்தின் ஆற்றல் என்றால் சாய்வு இரு மடங்காக இருக்கும், பலர் தடுக்கி விழும் இடம் அது.

பிறகு கற்றைகளை எடுத்துவிட்டு, அசையாமல் நிற்கும் சூடான பிளாஸ்மாவை வையுங்கள். கட்டத்தை டீபை நீளத்தின் பத்து மடங்காக்கி, மொத்த ஆற்றலையும் வெப்பநிலையையும் சில ஆயிரம் படிகளுக்கு வரைந்து பாருங்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன சூடேற்றம் உங்கள் திரையிலேயே ஏறும். துகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எவ்வளவு குறைகிறது, துகளின் வடிவத்தை ஒரு படி வழவழப்பாக்கினால் எவ்வளவு குறைகிறது என்று இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். அதற்குப் பிறகு ஸ்மைலி, எபோக், வார்ப்எக்ஸ் எதைத் திறந்தாலும் உள்ளீட்டுக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் எதற்காக என்பது புரியும். மூன்றும் திறமூல நிரல்கள், சிறிய கணக்குகளுக்கு மடிக்கணினியே போதும்.